வந்து சேர்ந்தாச்சு

எங்கே போனாலும், போய்ச் சேர்ந்ததும் எங்கள் மேடம் ஒரு செய்தி அனுப்புவார். 'வந்து சேர்ந்தாச்சு.' அவ்வளவுதான். முன்னும் பின்னும் ஒரு சொல் இருக்காது. எங்கள் அலுவலகம் நந்தனத்தில். அவர் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். பேருந்தில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கிச் சில்லறையைப் பைக்குள் போடுவதற்குள் வந்துவிடும் தூரம். அதற்கும் அனுப்புவார். கடைசியாக யாரிடம் 'வரேன்' என்று சொல்லிக் கிளம்பினாரோ அவருக்கு அது போகும். பெரும்பாலும் எனக்கு. சில நாள் வாசல் காவலாளிக்கு.

ஒருமுறை அடைமழையில் தன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கிவிட்ட ஆட்டோக்காரரிடம் எண்ணைக் கொடுத்து, "நீங்க ஆத்துக்குப் போனதும் ஒரு வார்த்தை சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் காலை அந்த மனிதரின் மனைவி கூப்பிட்டார். "யாரும்மா நீ? என் வூட்டுக்காரரு வூட்டுக்கு வந்தா உனக்கு இன்னா, வராட்டி உனக்கு இன்னா?"

இதை அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். "நியாயமான கேள்விதான். ஆனா வந்துட்டார்னு தெரிஞ்சுடுத்து பார்."

எங்கள் பிரிவில் கார்த்திக் என்று ஒருவன் உண்டு. வாய் சும்மா இருக்காது. "மேடம் மேல போய்ச் சேர்ந்தாக்கூட அங்கேர்ந்து நமக்கு மெசேஜ் வரும் பாரு" என்பான். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "வரும்டா. உனக்குத்தான் முதல்ல."

அவர் எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை. அப்படி ஒருவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கற்றுத்தரும் பொறுமை அவரிடம் கிடையாது. நான் என் பாட்டுக்குப் படித்து, என் பாட்டுக்குத் தேர்வெழுதி அந்த வேலைக்கு வந்தவள். என் அம்மா ராஜா அண்ணாமலைபுரத்தில் வீட்டு வேலை செய்கிறவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. சொல்லாமல் இருக்கத்தான் கூச்சமாக இருக்கும். அவர் என்னைவிட வயதில் நிறைய மூத்தவர், பதவியில் இரண்டு படி மேலே. ஆனால் நான் எதிர்த்துப் பேசினால் காது கொடுத்துக் கேட்பார். கேட்டுவிட்டுத் தான் நினைத்ததைத்தான் செய்வார்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மழையைப் பார்க்க ஓர் அலுவலகம், கடலைப் பார்க்க ஓர் அலுவலகம், நிலநடுக்கத்துக்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் தன் எச்சரிக்கையைத் தன் இஷ்டத்துக்கு எழுதும். ஒன்று கடிதமாக அனுப்பும், ஒன்று படமாக அனுப்பும், ஒன்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்துவிடும். ஒருவர் 'கனமழை' என்றால் அது வேறு, இன்னொருவர் 'கனமழை' என்றால் அது வேறு. எந்த ஆபத்தாக இருந்தாலும், யார் அனுப்பினாலும், எல்லா எச்சரிக்கையும் ஒரே வடிவத்தில் வர வேண்டும். கணினி அதைப் பிரித்து உடனே மக்களின் கைபேசிக்கும் தெரு ஒலிபெருக்கிக்கும் அனுப்ப வேண்டும். அந்தப் பொது வடிவத்தை வகுப்பதுதான் எங்கள் வேலை. அதைக் கட்டங்களாக நினைத்துக்கொள்ளலாம். என்ன ஆபத்து, எந்த இடம், எவ்வளவு கடுமை, எப்போது தொடங்கும், மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். சில கட்டங்களை நிரப்பாமல் விடலாம். சில கட்டங்கள் கட்டாயம். அவை காலியாக இருந்தால் கணினி அந்த எச்சரிக்கையை வாங்கவே வாங்காது.

அவருடைய கட்டம் ஒன்று இருந்தது. 'எப்போது முடியும்.'

எதையும் பாதியில் விடுவது அவருக்கு ஆகாது. லிஃப்ட் பழுதாகி, 'வேலை செய்யவில்லை' என்று யாராவது தாள் ஒட்டினால், சரியான பிறகு அதைக் கிழிக்கிற முதல் ஆள் அவர்தான். கிழித்துவிட்டு, 'சரியாயிடுத்து' என்று வேறொரு தாள் ஒட்டுவார். "ஓடுறதைப் பார்த்தாலே தெரியாதா மேடம்?" என்று கார்த்திக் கேட்பான். "படியில ஏறிப் போயிண்டிருக்கறவனுக்கு எப்படிடா தெரியும்?"

ஒரு நாள் அவரோடு தியாகராய நகரில் புடவைக் கடைக்குப் போனேன். விற்பனை செய்கிற பையன் அரைமணி நேரம் பிரித்துப் பிரித்துப் போட்டான். அரக்கு நிறத்தில் ஒரு புடவையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எல்லோரும் சொல்வது போல, "இன்னொரு கடையும் பார்த்துட்டு வரேன்" என்றார். வெளியே வந்து, கூட்டத்தில் இடிபட்டு, பேருந்து நிறுத்தம் வரை நடந்துவிட்டோம். அங்கே நின்றதும் அவர் முகம் மாறியது.

"நான் வரேன்னு சொல்லிட்டேனே."

"எல்லாரும் சொல்றதுதான் மேடம். அந்தப் பையன் அப்பவே மடிச்சு வச்சிருப்பான்."

"தனியா எடுத்து வெச்சுண்டு வாசலைப் பார்த்துண்டு இருந்தான்னா?"

மறுபடி அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து, மாடியேறி, அந்தப் பையனிடம் போய், "நான் வரலைப்பா. வாங்கப் போறதில்லை. காத்துண்டு இருக்காதே" என்று சொல்லிவிட்டு வந்தார். பையன் மிரண்டுபோய் என்னைப் பார்த்தான். அன்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

காரணத்தை அவர் ஒருமுறைதான் சொன்னார். நந்தனம் நிறுத்தத்தில் பேருந்து வராமல் நின்றுகொண்டிருந்தோம்.

"எனக்கு ஓர் அண்ணா இருந்தான்" என்றார். பிறகு, "இருக்கான்" என்றார். "எதைச் சொல்றதுன்னு தெரியலை பார். காலேஜ் படிச்சிண்டு இருந்தான். தைக்கக் குடுத்த பேண்ட்டை வாங்கிண்டு இதோ வந்துடறேன்னு பாண்டி பஜார் போனான். பேண்ட்டை வாங்கிண்டு போயிட்டான்னு டெய்லர் சொன்னார். அவ்வளவுதான் தெரியும்."

பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார்.

"அப்பா அதுக்கப்புறம் வாசக் கதவைத் தாப்பாள் போட விடலை. மூணு பேருமாச் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போனது கிடையாது. யாராவது ஒருத்தர் ஆத்துல இருக்கணும், அவன் வந்துட்டா? அப்பா போறபோதும் கதவைத்தான் பார்த்துண்டிருந்தார். அம்மாவும் அப்படித்தான். போயிட்டான்னு ஒருத்தர் வந்து சொல்லியிருந்தா அழுது முடிச்சிருப்போம். சொல்றதுக்கு ஆளில்லாமப் போயிடுத்து."

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டார். அன்றைக்கும் 'வந்து சேர்ந்தாச்சு' வந்தது. அந்த வீட்டில் அவருக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க யாரும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எச்சரிக்கை அனுப்பும் அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வந்த கூட்டத்தில், 'எப்போது முடியும்' கட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அவர் நின்றார். வந்திருந்த ஒருவர் சிரித்தார். "மழை எப்ப விடும்னு மழைக்கே தெரியாது மேடம். நாங்க எங்க போய்க் கேக்கறது?"

"தெரிஞ்சவரைக்கும் போடுங்கோ. தள்ளிப் போச்சுன்னா மாத்தி அனுப்புங்கோ. ஆனா காலியா விடாதேங்கோ. முடிஞ்சதும் முடிஞ்சதுன்னு ஒரு செய்தி அதே ஜனங்களுக்குத் தானாப் போயிடணும். ஓடுன்னு சொன்னவாளுக்குத் திரும்பி வான்னு சொல்ற கடமையும் உண்டு."

யாரும் ஒப்புக்கொள்வதாகத் தெரியவில்லை. அப்போது நான் எழுந்தேன். கூட்டத்தில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. எங்கள் வீடு அடையாற்றங்கரையில் இருந்த காலத்தில் தண்ணீர் ஏறினால் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். போகச் சொல்ல ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வருவார்கள். திரும்பி வரலாம் என்று சொல்ல ஒருநாளும் ஒருவரும் வந்ததில்லை. தண்ணீர் வடிந்த பிறகும் பயத்தில் அங்கேயே கிடப்போம். அம்மா வேலைக்குப் போகாமல், வேலை செய்த வீடுகளை இழந்தாள். எனக்குப் பள்ளி நாட்கள் போயின. இதைச் சொன்னேன். "வெளிய போன்னு சொல்ல மைக் வருது சார். வீட்டுக்கு வான்னு சொல்ல ஒண்ணும் வரல."

கட்டம் கட்டாயமாயிற்று. நான் அன்று சொன்னது உண்மை. இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

முடிந்ததும் போகிற செய்திக்கு வாக்கியம் எழுத அவர் பல நாள் எடுத்துக்கொண்டார். 'எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்படுகிறது' என்று ஒருவர் எழுதிக் கொடுத்ததை அடித்தார். "இதைப் படிச்சா எழுந்து நடக்கத் தோணுமா?" கடைசியில் அவர் எழுதியது இதுதான்: 'ஆபத்து முடிந்தது. நீங்கள் வீட்டுக்குத் திரும்பலாம்.' அனுப்புகிறவர்களுக்கு வழிகாட்ட ஒரு மாதிரிச் செய்தியும் வேண்டியிருந்தது. எல்லாக் கட்டங்களையும் பொய்யான விவரங்களால் நிரப்பினோம். முடியும் நேரம் என்ன போடலாம் என்று கார்த்திக் கேட்டான்.

"சாயங்காலம் ஆறு போடு. விளக்கேத்தற நேரம். எல்லாரும் ஆத்துக்கு வந்துடணும்."

அந்த வாக்கியத்தை ஆற்றங்கரைக்காரர்களிடம் படித்துக் காட்ட வேண்டும் என்றார். என் மாமாவிடம் அழைத்துப் போனேன். அம்மாவின் தம்பி. கரையோர வீடுகளை இடித்து எங்களுக்கெல்லாம் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்து அனுப்பியபோது மாமாவுக்கும் ஒன்று கிடைத்தது. மாமா போனார். தன் பந்தயப் புறாக்களைக் கூடையில் வைத்துக் கொண்டுபோய்ப் புது மொட்டை மாடியில் திறந்துவிட்டார். அவை ஒரு வட்டம் சுற்றிவிட்டு நேரே அடையாற்றங்கரைக்குப் பறந்துவிட்டன. மாமாவும் பின்னாலேயே வந்துவிட்டார். இடிபடாமல் தப்பிய ஒரு வரிசையில், ஒரு வீட்டின் மேல் தகரம் அடித்துக் கூண்டு கட்டிக்கொண்டு இருந்தார். கேட்டால், "அதுங்ககிட்ட ஆர்டர் காப்பிய காட்னேன். படிக்கத் தெரியாதுன்னு சொல்லிச்சுங்க" என்பார்.

நாங்கள் போன அன்று ஒரு புறா திரும்பவில்லை. மாமா கையை நெற்றியில் வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் செய்தியைப் படித்துக் காட்டவே மறந்துபோனார்.

"எப்ப வரும்?"

"வரும் மேடம். வழியில எங்கனா டீ குடிச்சுக்கினு இருக்கும்."

"வரலேன்னா? எது வரைக்கும் காத்துண்டு இருப்பேள்?"

"அதுக்கு இன்னா கணக்கு? கூண்ட தொறந்து வச்சா போச்சு."

"நீங்க எப்படித் தூங்குவேள்?"

"கால நீட்டித்தான்."

இருட்டத் தொடங்கியும் இவர் கிளம்பவில்லை. மாமாவுக்கே சங்கடமாகிவிட்டது. "நீங்க கெளம்புங்க மேடம். அது வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன்." எண்ணைத் தன் கைபேசியில் பதிந்துகொண்டார். 'புறா மேடம்' என்று.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழையும்போதே கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வந்துடுத்து! ராத்திரியே வந்துடுத்து!" என்ன வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மாமா வெளியூர் போனாலும் வந்தாலும் அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அவர் எடுக்க மாட்டார். மணி அடித்து அடங்கியதும் தனக்குள் தலையாட்டிக்கொள்வார். இருவரும் பேசிக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

எங்கள் வடிவம் நடைமுறைக்கு வந்த பிறகு முதல் பெருமழை வந்தது. காலையில் எச்சரிக்கை போயிற்று. ஆற்றங்கரையில் மிச்சமிருந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அம்மாவும் வேலை முடிந்து வீடு திரும்ப வண்டியில்லாமல் மாமாவோடு அங்கே போய்விட்டாள். நாங்கள் அலுவலகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதியத்துக்குப் பிறகு மழை விட்டது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. மாலை ஆறு மணிக்கு எங்கள் எல்லோருடைய கைபேசியும் ஒரே நேரத்தில் ஒலித்தது.

'ஆபத்து முடிந்தது. நீங்கள் வீட்டுக்குத் திரும்பலாம்.'

கார்த்திக் கை தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். அவர் தட்டவில்லை. கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. சின்னப் பெண் மாதிரி இருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "வரேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் எனக்குச் செய்தி வந்தது. 'வந்து சேர்ந்தாச்சு.'

மழை விட்டது நகரத்தில்தான். மேற்கே பெய்து, ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் இருட்டின பிறகு ஆற்றில் வந்து சேர்ந்தது.

எச்சரிக்கை அனுப்பிய அலுவலகத்தில் யாரும் பொய் எழுதவில்லை. மழை எப்போது விடும், ஆறு எப்போது வடியும் என்று காலையில் அவர்களுக்குத் தெரியாது. தெரியாது என்று எழுத எங்கள் வடிவத்தில் இடமில்லை. அவசரத்தில் ஒருவர் மாதிரிச் செய்தியையே எடுத்து, இடத்தையும் ஆபத்தையும் மாற்றியிருக்கிறார். முடியும் நேரத்தில் ஏற்கெனவே மாலை ஆறு என்று இருந்தது. கட்டாயக் கட்டம் நிரம்பியிருந்தது. கணினி வாங்கிக்கொண்டது. ஆறு மணிக்குக் கடிகாரம் பார்த்துத் தன் கடமையைச் செய்தது.

மாமாவை மறுநாள் காலை இரண்டு தெரு தள்ளிக் கண்டெடுத்தார்கள். கூண்டு திறந்திருந்தது. புறாக்கள் எல்லாம் பக்கத்துக் கட்டடத்தின் மேலே வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் எங்கள் அடுக்குமாடிக்கு வந்தார். அதுவரை நான் விடுப்பில் இருந்தேன். அவர் கூப்பிடவும் இல்லை, நானும் கூப்பிடவில்லை. வீட்டை விசாரித்துக்கொண்டு, லிஃப்ட் ஓடாததால் எட்டு மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். மாமாவின் படத்துக்கு முன்னால் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். இவரும் எதிரில் தரையில் உட்கார்ந்தார். நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

"அந்த ஆறு மணி நான் போட்டது" என்றார் அம்மாவிடம்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் படத்தைப் பார்த்தேன்.

"வீட்டுக்குத் திரும்பலாம்னு வந்துதே, அந்த வார்த்தையும் நான் எழுதினது."

"நீயாம்மா தண்ணிய தொறந்து வுட்ட?"

"இல்லை."

"அப்பறம் இன்னா?" அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பாப்பா மாதிரி சிரிச்சுக்கினுதான் போனான். செல்போன எனக்குக் காட்டி, 'யக்கா, இத்தினி வருசமா எங்கனா போ எங்கனா போன்னே வெரட்டிக்கினு இருந்தாங்கோ. மொத தபா வூட்டுக்குப் போன்னு சொல்லிக்கீறாங்கோ பாரு'ன்னான். 'நான் போய் கூண்ட தொறக்கறேன், நீ காலைல வா'ன்னான். மழயும் இல்ல. நானும் சரின்னுட்டேன்."

எனக்கு அதுவரை அது தெரியாது. அம்மா என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். "எனக்கு அன்னிக்கு மிஸ்டு கால் வந்தது. ஆத்துக்கு வந்து காலை அலம்பிண்டு இருந்தேன். அவர் பேர் பார்த்தேன். ஆத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டார்னு நினைச்சேன். அவ்வளவு சந்தோஷமா இருந்தது எனக்கு."

அம்மாவுக்கு அது முழுக்கப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. கையை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டாள். வீட்டு வேலைக்குப் போகும் இடத்தில் அம்மா அவரைப் போன்றவர்களைத் தொட்டிருக்கவே மாட்டாள். அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிடித்துக்கொள்ளவில்லை. எழுந்தார்.

"வரேன்" என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அவர் படியருகே போனபோது அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "அம்மாந் தூரம் தனியா போவுதுடி. போய் சேந்ததும் ஒரு போன் போடச் சொல்லு." நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினார். எட்டு மாடியும் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. அன்று இரவு என் கைபேசிக்கு எதுவும் வரவில்லை.

மறுநாள் அலுவலகம் போனேன். அவர் மேசை துடைத்து வைத்தது போல் இருந்தது. கார்த்திக் எழுந்து வந்தான். அவன் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். மேடம் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டாங்க. விசாரணையில எல்லாத்தையும் தன் மேலயே போட்டுக்கினாங்க. மாதிரிச் செய்திய டைப் பண்ணது நான்தான்னு சொன்னேன், கேக்கல. நேத்து மத்தியானம் வரைக்கும் உக்காந்து இத மாத்திட்டுத்தான் போனாங்க."

புதிய வடிவத்தைத் திறந்து காட்டினான். மாதிரிச் செய்தியில் முடியும் நேரம் இருந்த இடத்தில் நேரம் எதுவும் இல்லை. 'எப்போது முடியும்' கட்டாயக் கட்டமாகவே இருந்தது. ஆனால் நேரத்துக்குப் பதிலாக இன்னொன்றையும் அது ஏற்றுக்கொண்டது: 'இன்னும் தெரியவில்லை.' அப்படி வந்தால், முடிந்தது என்ற செய்தியைக் கடிகாரம் அனுப்ப முடியாது. ஓர் ஆள் உட்கார்ந்து, ஆற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் பெயரைப் போட்டு அனுப்ப வேண்டும். அதுவரை மக்களுக்குப் போக வேண்டிய வாக்கியத்தையும் எழுதி வைத்திருந்தார். தெரியாது என்ற ஒரு சொல்லை வாழ்நாள் முழுக்க வெறுத்தவர் அந்தச் சொல்லுக்கு ஒரு கட்டம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

மயிலாப்பூருக்குப் போய்ப் பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது. அந்தக் கதவில் பூட்டு தொங்கி அக்கம்பக்கத்தில் யாரும் பார்த்ததில்லையாம். எதிர்வீட்டு மாமி ஜன்னல் வழியாகச் சொன்னார். "எங்கே போறேன்னு சொல்லலைடிம்மா. பால் வேண்டாம்னு சொன்னா, பேப்பர் வேண்டாம்னு சொன்னா, எல்லாத்தையும் முடிச்சிண்டுதான் போனா. இதை மட்டும் சொல்லலை." கைபேசி அணைந்தே இருக்கிறது. அந்த எண்ணுக்கு நான் அனுப்பியவை எல்லாம் ஒற்றைக் குறியோடு நிற்கின்றன.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் வந்து போய்விட்டது. அவர் உருவாக்கிய வடிவத்தை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் அவர் பெயர் எங்கும் இல்லை. போன மழையின்போது, ஒரு மாலை, வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் ஏறி வண்டிகள் நின்றுவிட்டன. அம்மாவும் நானும் ராஜா அண்ணாமலைபுரத்தில் அம்மா வேலை செய்யும் ஒரு வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில் ஒதுங்கியிருந்தோம். ஆறு மணி தாண்டியதும் கைபேசி ஒலித்தது.

"இன்னா போட்டுக்கீது? படி" என்றாள் அம்மா.

படித்தேன். 'ஆபத்து எப்போது முடியும் என்று இன்னும் தெரியவில்லை. முடிந்ததும் சொல்கிறோம். அதுவரை வீடு திரும்ப வேண்டாம்.'

அம்மா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"அந்தம்மா அன்னிக்குப் போய் சேந்துச்சாமா? போன் போட்டுச்சா?"

ஒவ்வொரு மழைக்கும் கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்கிறாள்.

"இன்னும் இல்லமா."

"போடும்டி" என்றாள் அம்மா. "மழ வுடட்டும்."